ஆள் வராத மேசை

அந்த டிஸ்யூ பொட்டலத்தின் உறை இளநீல நிறம். ஒரு முனை பிரிந்து, உள்ளேயிருந்த தாள் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கோப்பிக்கடையின் மூலை மேசையில், மின்விசிறிக்கு நேர்கீழே, கடையிலேயே காற்று நன்றாக வரும் இடத்தில் அது கிடந்தது. எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. ஒரு டிஸ்யூ பொட்டலம் போதும். மேசைமேல் அதைப் போட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அதை நகர்த்திவிட்டு உட்கார யாருக்கும் மனம் வராது. அன்று அந்த மேசைக்குப் பக்கத்தில் என்னோடு வேலை பார்த்த அக்கா, கையில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் வேறொரு மேசையின் ஓரத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து என் சாப்பாட்டை முடித்தேவிட்டேன். அக்கா நின்றபடியே இருந்தார். மூலை மேசைக்கு யாரும் வரவில்லை. கடைக்கார அம்மா மட்டும் இரண்டு பார்சல் பைகளை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப்போனார்.

“உக்காருங்கக்கா, ஆளு வந்தா எழுந்துக்கலாம்” என்றேன்.

“வேற ஆளு புடிச்சு வச்ச இடம்மா. நமக்கு எதுக்கு?” என்றார். அவரும் தன் வாழ்நாளில் ஒரு மேசையில்கூட டிஸ்யூ வைத்தவரில்லை. கேட்டால், “இடத்த மொதல்ல சாப்பிட்டு, சோத்த அப்புறம் சாப்பிடுறவ நான் இல்ல” என்பார். அந்த வார்த்தையை நாங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறிப்போன மீயைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷி இப்படி நிற்பாரா என்று எரிச்சலாக இருந்தது. அந்த வாரம் எங்கள் அலுவலகத்திலும் இதேதான் நடந்துகொண்டிருந்தது என்பது அந்த எரிச்சலுக்கு இன்னொரு காரணம்.

எங்கள் வேலை சினிமாவுக்குக் கணினியில் பொய்யான வெள்ளம், பொய்யான தீ உண்டாக்குவது, இடியாத கட்டடத்தை இடிப்பது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த சின்ன நிறுவனம். கீழே வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் காலணிகளைக் கழற்றிவிட்டு, மரப்படியேறி மேல்மாடிக்குப் போவோம். அக்கா அங்கே தண்ணீர்ப் பிரிவு. மழை, ஆறு, கடல், உடைந்த குழாய், எது ஒழுகினாலும் அவர்தான். ‘தண்ணி அக்கா’ என்று பெயர் வைத்தாயிற்று. அதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் அவரை வேறு மாதிரி பார்ப்பார்கள்; அவரும் அதை வெகு நாள் திருத்த மாட்டார். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் வீடு. காலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி இந்தக் கரைக்கு வருவார். மழை நாட்களில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சாக்கடை நிரம்பி வீதிக்கு வருவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் தாமதமாக வருவார். திட்டினால், “வேலையத்தான் பாத்துட்டு வரேன்” என்பார். அது பொய்யும் இல்லை. “தண்ணி ஓடி வராதும்மா. மொதல்ல எட்டிப் பாக்கும்” என்று அவர் சொன்னது அப்படி நின்று பார்த்ததில் வந்ததுதான். அவர் செய்த வெள்ளம் எதுவும் இரைச்சலோடு தொடங்காது. கதவுக்குக் கீழே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு கொஞ்சம் அகலமாகும்.

நான் அங்கே வரிசையைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்துநான்கு தனிப்படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் கணினி உட்கார்ந்து வரைந்து முடிக்க வேண்டும். அதற்கென்றே கீழ்த்தளத்தின் பின்கட்டில், முன்பு வானம் பார்த்த முற்றமாக இருந்து பிறகு கூரை போட்ட இடத்தில், கறுப்புப் பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அதைப் பண்ணை என்போம். பண்ணை எல்லோருக்கும் பொது. யார் வேலை முதலில் போகும், யார் வேலை காத்திருக்கும் என்பதைப் பார்த்து ஓட்டுவது என் பொறுப்பு. சுவரில் ஒரு பெரிய திரை. பெட்டி ஒன்றுக்கு ஒரு கட்டம். அக்காவின் மென்பொருளில் ஓடினால் நீலம், மற்றவர்களின் மென்பொருளில் ஓடினால் பச்சை, சும்மா இருந்தால் சாம்பல். அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கனவிலும் கட்டம்தான் வரும்.

மென்பொருள் இரண்டாக இருந்ததுதான் வினை. அக்கா கையில் வைத்திருந்தது பழையது. பிடிவாதமானது. ஒரு பெட்டிக்குள் புகுந்தால் அதன் நினைவகம் முழுவதையும் அள்ளிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு வேலை உட்கார முடியாது. பச்சை மென்பொருள் அப்படியில்லை, ஒரே பெட்டியில் மூன்று பேர் வேலை ஓடும். லைட்டிங் பிரிவுக்குத் தலைவராக இருந்த அண்ணே இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார். “அக்கா ஒரு ஆறு விட்டாங்கன்னா நாங்க எல்லாம் கரையில நிக்கணும்லா.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை அக்காவும் மறுத்ததில்லை. பச்சையை அவர் கற்றுப் பார்க்காமலும் இல்லை. சில நாள் உட்கார்ந்து பழகிவிட்டு என்னிடம் வந்தார். “கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல என் கை ஊமையாப் போயிருது” என்றார். பழையதில் அலையின் நுனியைத் தன் விரலால் இழுப்பதுபோல் இழுப்பார். புதியதில் எண்ணைக் கொடுத்துவிட்டு அது என்ன தருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். நாற்பதைத் தாண்டிய வயதில், நேற்று வந்த பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். வீட்டில் அவர் கணவருக்கு வேலை போய்விட்டிருந்தது, அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பழைய மென்பொருள் போனால் தானும் போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

முதலாளி அந்த அறிவிப்பைச் செய்தது ஒரு திங்கட்கிழமை. டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். குரல் உயர்த்தியே பேச மாட்டார். நாங்கள் பயந்ததெல்லாம் அந்தக் குரலுக்குத்தான். சத்தம் போடுகிறவரிடம் எப்போது நிறுத்துவார் என்றாவது தெரியும். “எனக்கு ரெண்டு சாஃப்ட்வேரும் ஒண்ணுதான். ஆனா ரெண்டுக்கும் லைசென்ஸ் கட்டிக்கிட்டு, ரெண்டுக்கும் பெட்டி கொடுத்துக்கிட்டு இருக்க முடியாது. இந்தப் படம் முடியிறப்ப ஒண்ணுதான் இருக்கும்” என்றார். எது என்று யாரோ கேட்டார்கள். “நான் ஆளப் பாக்க மாட்டேன். பண்ணையில எது அதிகமா ஓடுதோ, அது இருக்கும். மெஷின் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. ஃபேர்தானே?” என்று எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்தார். ஃபேர்தான் என்று நாங்களும் தலையாட்டினோம். அக்காவும் ஆட்டினார்.

அன்று மதியத்திலிருந்தே என் திரை மாறத் தொடங்கியது. முதலில் நான் சந்தோஷப்பட்டேன், ஒரு சாம்பல் கட்டம்கூட இல்லை. பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வேலையைத் திறந்து பார்த்ததும்தான் புரிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. விளக்கு இல்லாத, பொருள் இல்லாத வெற்றுக் காட்சி. வரைந்து முடித்தால் வெறும் கறுப்புப் படம் வரும். அதையும் சீக்கிரம் முடிக்காதபடி வேண்டுமென்றே இழுத்து விட்டிருந்தார்கள். பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பச்சைக் கட்டத்தின் எண்ணிக்கை கூட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். “அண்ணே, என்ன இது, கோப்பிக்கடை மேசையா? டிஸ்யூ வச்சிருக்கீங்க” என்று லைட்டிங் அண்ணனைக் கேட்டேன். அவர் வெட்கப்படாமல் சிரித்தார். “நாளைக்கு வேல வரும். எடம் இருக்கணும்ல?” என்றார். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் ஆளாளுக்கு டிஸ்யூ வைத்தார்கள். ஒருவர் வைத்ததைப் பார்த்து அடுத்தவர், தனக்குக் கிடைக்காமல் போகுமோ என்று இன்னொருவர். உண்மையான வேலை எல்லாம் வரிசையின் அடியில் கிடந்தது. அவர்களுடைய வேலையே அவர்கள் வைத்த டிஸ்யூவுக்குப் பின்னால் காத்திருந்தது.

அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சத்தம். பண்ணைப் பெட்டிகள் மெதுவாக இரைந்தால் யாருக்கும் கேட்காது. எல்லாம் சேர்ந்து முழு மூச்சில் ஓடினால் மேல்மாடிப் பலகையில் வெறுங்கால் வைத்தாலே உள்ளங்காலில் அதிர்வு ஏறும். குளிர்சாதனம் தாங்காமல் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கட்டுக் கதவைத் திறந்தால் சூடான தூசியின் வாடை முகத்தில் அடிக்கும். அந்தப் பின்கட்டில் வழக்கமாகப் படுத்துத் தூங்கும் பூனை வருவதை நிறுத்திவிட்டது. கட்டடமே ராட்சத வேலையில் இருப்பதுபோல் நடுங்கியது, ஆனால் அதிலிருந்து வந்ததெல்லாம் கறுப்பு. ஆயிரக்கணக்கில் கறுப்புப் படங்கள். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்தேன்.

முதலாளியிடம் மட்டும் போய்ச் சொன்னேன். வெற்று வேலைகளை எல்லாம் ஒரே நொடியில் என்னால் நிறுத்த முடியும், நிறுத்தட்டுமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தே ஓ என்ற பாலில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். “எதையும் நிறுத்தாதீங்க. கணக்கு கெட்டுப் போயிரும்” என்றார். “கணக்கே பொய்யா இருக்கு பாஸ், உள்ள ஒண்ணுமே ஓடல” என்றேன். “தெரியும். விடுங்க” என்றார், அதே மெல்லிய குரலில். தெரியும் என்று அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. தெரிந்தால் கோபம் வர வேண்டும், குறைந்தது கவலையாவது வர வேண்டும். அவருக்கு இரண்டும் வரவில்லை.

அக்கா டிஸ்யூ வைக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே காட்சி, ஆனால் படத்துக்கு உயிரே அதுதான்: கரை உடைந்த ஆறு ஒரு சின்ன ஊருக்குள் வரும் காட்சி. வெள்ளத்தின் ஓட்டத்தை எல்லாம் தன் மேசைக் கணினியிலேயே கணக்கிட்டு முடித்துவிட்டார். கடைசியாக ஒளியூட்டி வரைந்து எடுக்கப் பண்ணை வேண்டும். அவருடைய வேலைக்கு முழுப்பெட்டி காலியாக வேண்டும். பச்சை டிஸ்யூக்கள் ஆளுக்கு ஒரு மூலையாக எல்லாப் பெட்டியிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுவரில் நீலக் கட்டம் ஒன்றுகூட இல்லாத நாட்கள் வந்தன. அக்கா காலையில் வருவார், திரையைப் பார்ப்பார், உட்காருவார். மாலையில் எழுந்திருப்பார், திரையைப் பார்ப்பார், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஃபெரிக்குப் போவார். நான் ஒரு நாள் தாங்காமல், “நீங்களும் நாலு டிஸ்யூ போடுங்கக்கா, பெட்டியாச்சும் கைக்கு வரும்” என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. “வெள்ளத்த வச்சிக்கிட்டு நான் எதுக்கும்மா இருட்டப் போடணும்?” என்றார். அன்றுதான் கோப்பிக்கடையில் தட்டோடு நின்றதும்.

இதற்கிடையில் லைட்டிங் அண்ணே இன்னொரு காரியம் செய்தார். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கட்டும், யார் வேலை எங்கே ஓடினாலும் ஒரே நிறம், ஒரே ஒளி வரட்டும் என்று ஒரு பொது அமைப்பை எழுதிப் பண்ணை முழுவதும் ஏற்றினார். அவருடைய பச்சை மென்பொருளுக்கு அது சரி. பழையதில் ஒளியை அளக்கும் அளவே வேறு. அதில் நூறு என்றால் ஒரு பகல். இந்தப் பொது அமைப்பு அதே நூறை எடுத்துத் தன் அளவில் படித்தால் ஒரு மின்மினி. நீலத்தில் எதுவுமே ஓடாததால் யாருக்கும் இது தெரியவில்லை. சோதித்துப் பார்க்க அக்காவுக்குப் பெட்டி கிடைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

படத்தின் முதல் கெடு வந்த நாளில் பண்ணைக்கே மூச்சு முட்டியது. சூட்டில் சில பெட்டிகள் தாமாக அணைந்து, மறுபடி எழுந்தன. எழுந்தபோது அவற்றில் இருந்த டிஸ்யூக்கள் உதிர்ந்துபோயிருந்தன. முழுப்பெட்டி காலியாகட்டும் என்று வரிசையில் அவ்வளவு நாள் காத்திருந்த அக்காவின் வெள்ளம் சட்டென்று உள்ளே போனது. சுவரில் நீலம் வந்ததும் நான் கூவிவிட்டேன். அக்கா எழுந்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்த படங்கள் தாமாகவே கோலாலம்பூரில் இருக்கும் படக்குழுவுக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு இருந்தது, அனுப்பும் முன் ஒரு கண் பார்ப்பது வழக்கம். பார்ப்பதற்குள் முதலாளி எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். “எல்லாரும் வாங்க. கணினிய விட்டுட்டு வாங்க. பத்து நிமிஷம்தான்” என்றார். பண்ணைக் கணக்கைக் காட்டப் போகிறார் என்று தெரியும். அக்கா திரும்பித் திரும்பி என் திரையைப் பார்த்தபடி வந்தார்.

கணக்கு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. முழுக்கப் பச்சை. முதலாளி அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய தொலைபேசி அடித்தது. கேட்டார், சரி என்றார், மறுபடி சரி என்றார். வைத்துவிட்டு, “வெள்ளம் போயிருக்காம். அங்க டைரக்டர், புரடியூசர் எல்லாம் உக்காந்து பாத்திருக்காங்க. முழுக்கக் கறுப்பு” என்றார்.

லைட்டிங் அண்ணே வாய்க்குள், “டிஸ்யூ போயிருச்சு போலிருக்கு” என்றார். யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டுகூட இல்லை. நீங்களுமா, சரி, பரவாயில்லை என்பதுபோல் ஒரு பார்வை. அதுதான் மோசம். இத்தனை வாரம் கறுப்பையே பார்த்துப் பழகிய எங்களுக்குக் கறுப்பு என்றாலே ஒரே அர்த்தம்தான் தெரிந்தது.

“நான் டிஸ்யூ வைக்கிற ஆளா?” என்று அக்கா கேட்டார்.

நான் எழுந்து என் மேசைக்கு ஓடினேன். எங்கள் படங்களுக்கு ஒரு குணம் உண்டு; கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான ஒளியும் அவற்றில் அழியாமல் தங்கியிருக்கும். திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எழுந்து வரும். வெற்றுப் படமாக இருந்தால் எவ்வளவு கூட்டினாலும் கறுப்புதான். அக்காவின் முதல் படத்தைத் திறந்து கூட்டினேன். கறுப்பு. இன்னும் கூட்டினேன். கறுப்பு. அளவுகோலின் கடைசி முனைக்குப் பக்கத்தில் போனபோது சாம்பலாக ஒரு கதவு தெரிந்தது. கதவுக்குக் கீழே ஒரு கோடு. படங்களை ஓட விட்டேன். கோடு அகலமாயிற்று. படியில் கழற்றி வைத்த ஒரு செருப்பு மெல்ல எழுந்து திரும்பியது. பிறகு தெருவின் கோடியில் அந்தத் தண்ணீர். எல்லாம் இருந்தது, ஒரு துளிகூடக் குறையாமல். அந்த இருட்டுக்குள் அது அவ்வளவு நேரமும் வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளியையும் அக்காவையும் அழைத்து வந்து காட்டினேன். பொது அமைப்பால்தான் இப்படி ஆனது, அக்கா மேல் தவறே இல்லை, இது டிஸ்யூ இல்லை என்று படபடவென்று சொன்னேன். முதலாளி கைகட்டி முழுதாகப் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கு” என்றார். மனதாரத்தான் சொன்னார். “வெளிச்சத்தக் கூட்டி இப்பவே அனுப்பிருங்க.” அனுப்பினேன். பிறகு நான், “கணக்கையும் மறுபடி எடுக்கணும் பாஸ். அதுல இருக்கிறது எல்லாம் வெத்து. இது ஒண்ணுதான் நெஜம்” என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பச்சைக்கு லைசென்ஸ் நான் எப்பவோ சைன் பண்ணிட்டேன்லா. உங்க எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாலயே. போட்டின்னு ஒண்ணு இருந்தா ஆளுங்க கொஞ்சம் சுறுசுறுப்பா இருப்பாங்க, பெட்டியும் எவ்வளவு தாங்குதுன்னு தெரிஞ்சிரும். அதுக்குத்தான்” என்றார். அக்கா பக்கம் திரும்பி, “நீங்க புதுசக் கத்துக்கலாம். யாரும் உங்கள போகச் சொல்லல” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. திரையில் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்த வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி ஒழுங்காத்தான் வந்திருக்கு” என்றார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அதன்பிறகும் சில மாதங்கள் அவர் வந்தார். புதிய மென்பொருளில் குழாய்க் கசிவு, மழைத்துளி என்று சின்னச் சின்ன வேலைகள். அவரைவிடப் பாதி வயதுப் பிள்ளைகள் திருத்தச் சொன்னதைத் திருத்தினார். ஒரு நாள் வராமல் போனார். இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நுண்ணோக்கியில் பிடித்த கணினிச் சில்லுப் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குகிறார். எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாம். அந்தப் படம் வெளிவந்தபோது நான் என் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்துப் போய்த் தனியாகப் பார்த்தேன். கதவுக்குக் கீழே கோடு தெரிந்தபோது பக்கத்தில் இருந்த பெண் தன் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அவருடைய பழைய கோப்புகள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. திறக்கத்தான் அந்த மென்பொருள் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் திரையில் ஒரு புது நிறம் வந்தது. வெள்ளை. பண்ணையில் பாதிப் பெட்டிகளை யாரோ எடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் பெயர் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை. பெட்டிகள் முழு மூச்சில் ஓடுகின்றன. பலகையில் மறுபடி அந்த அதிர்வு. முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு முடி நரைத்திருக்கிறது, குரல் அப்படியேதான் இருக்கிறது. வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். யார் வேலை முதலில் போக வேண்டும், எது வெற்று வேலை என்று அதுவே தீர்மானிக்குமாம். பாதிப் பண்ணையை அது ஓட்டட்டும், பாதியை நான் ஓட்டுவது. படம் முடியும்போது எது நன்றாக ஓடியதோ அது இருக்கும்.

“நான் ஆளப் பாக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியுமே. ஃபேர்தானே?” என்றார்.

ஃபேர்தான் பாஸ் என்று என் வாய் சொல்லிவிட்டது. அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்று சாயந்திரம் அக்காவுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, “இப்ப உன் முறையா?” என்றார். அவர் பக்கம் ஃபெரியின் ஊதல் கேட்டது. “சைன் பண்ணிட்டாரான்னு கேட்டியா?” என்றார். இல்லை என்றேன். “கேக்காத. கேட்டா சொல்லிருவாரு” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக வேலை செய்கிறேன். என் பாதிப் பண்ணையில் ஒரு கட்டம்கூடச் சும்மா இல்லை. எந்த வெற்று வேலையையும் உள்ளே விடுவதில்லை, யாருடைய வேலையும் காரணமில்லாமல் காத்திருப்பதில்லை. இவ்வளவு நன்றாக நான் எப்போதும் வேலை செய்ததில்லை, இவ்வளவு பயத்தோடும் செய்ததில்லை. வெள்ளைக் கட்டங்கள் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் உள்ளே என்ன வந்துகொண்டிருக்கிறது என்று என்னால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க முடியாது.

நேற்று மதியம் அதே கோப்பிக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். மீ கோரெங் வாங்கிக்கொண்டு திரும்பினால் உட்கார இடமில்லை. மூலை மேசை மட்டும் காலி, மின்விசிறிக்கு நேர்கீழே, அதன்மேல் ஒரு டிஸ்யூ பொட்டலம். இந்த முறை உறை பச்சை நிறம். அக்கா நின்ற அதே இடத்தில் நான் நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வருகிறவன் வரட்டும், வந்தால் அவனோடு சண்டையே போடலாம் என்று தோன்றியது. பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் சாப்பிட்டிருப்பேன்.

கடைக்கார அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எழும்பும்மா, அங்க உக்காராத. அது நான் வச்சது” என்றார்.

“நீங்களா?”

“பின்ன யாரு? பார்சல் கட்டி வைக்க எனக்கு எடம் வேணாமா? சாப்பாட்டு நேரத்துல இந்த மேசைய நான் யாருக்கும் கொடுக்கிறதில்ல.”

“எப்பலேருந்து?”

“கடை தொறந்ததுலேருந்து” என்றார். இதைக்கூடக் கேட்பாயா என்று சிரித்தார். நல்ல மனுஷி, கோபமே இல்லை. நான் எழுந்து தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் பொட்டலத்தை எடுத்து, நான் தள்ளுவதற்கு முன் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார். நான் தட்டோடு நின்றேன்.